கிழக்கு ராத்கார்னின் கடைசி இடம்

மதிப்பிற்குரிய அக்கா சிஸ்டர் கன்செப்டாவுக்கு, தங்கை அட்ராக்டா எழுதிக்கொள்வது.

இங்கே மழையைத் தவிர குறையொன்றும் இல்லை. உன் ஸாம்பியா மடத்தில் எல்லாரும் சுகமென்றும், கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்றும் எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

தேர்தல் என்ன ஆயிற்று, தம்பி ஃபின்டன் ஜெயித்தானா என்று கேட்டிருந்தாய். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே.

கிழக்கு ராத்கார்ன் தொகுதிக்கு இதுதான் கடைசித் தேர்தல் என்பது உனக்குத் தெரியும். எல்லைக் கமிஷன் அதை நடுவில் கிழித்து இரண்டு பக்கத்து மாவட்டங்களுக்கும் ஆளுக்குப் பாதியாகக் கொடுக்க முடிவு செய்துவிட்டது. மூன்று இடங்கள் உள்ள தொகுதி. அதில் ஒன்று தொகுதி பிறந்த நாள் முதல் நம் வீட்டில்தான் இருந்தது. உள்நாட்டுப் போரில் தாத்தா எந்தக் கொட்டகையில் ஒளிந்திருந்தாரோ, அதே கொட்டகையின் முன்னால் நின்று பேசி முதல் தேர்தலில் ஜெயித்தார். அப்பாவோ ஒவ்வொரு முறையும் மூன்றில் கடைசி இடத்தை, கடைசிச் சுற்று எண்ணிக்கையில், அம்மா மயங்கி விழுந்த பிறகே ஜெயிப்பார். ஒருமுறை தீவுக்காரர்களின் ஓட்டுப் பெட்டியை ஏற்றிவந்த படகு புயலில் மாட்டிக்கொண்டபோது, பெட்டி கரைசேரும்வரை அவர் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது உனக்கும் நினைவிருக்கும். அப்பாவுக்குப் பிறகு ஃபின்டன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் போனவன், இந்தப் பக்கம் ஒரு சவ அடக்கத்தையும் தவறவிட்டதில்லை. பக்கத்து மாவட்டங்களில் அங்கங்கே ஒரு பரம்பரை உட்கார்ந்திருக்கிறது. நம்மை அண்டவிட மாட்டார்கள். ஆகவே இந்த முறை தோற்றால் மறுமுறை நிற்பதற்கு அவனுக்கு ஒரு தொகுதியே இருக்காது. அதனால்தான் பிரச்சாரம் முழுக்க அவன் ரொட்டியும் தேநீருமாகவே காலம் தள்ளினான்.

விபரீதம் கட்சியின் பேராசையில் தொடங்கியது. மூன்றில் இரண்டு இடம் வேண்டுமென்று டப்ளினிலிருந்து ஓர் ஆள் வரைபடத்தோடு வந்து, ஃபின்டனுக்குத் துணையாக மாலகி டூஹி என்ற மாட்டு டாக்டரை நிறுத்தினார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஃபின்டனுக்கு எண் ஒன்று, டூஹிக்கு எண் இரண்டு. அந்தப் பக்கம் மாற்றிப் போட வேண்டும் என்று பென்சிலால் கோடு கிழித்தார். வாக்காளர் விருப்ப வரிசையில் எண் போட, ஒன்று வாங்கியவர் வெளியேறினாலோ தேவைக்கு மேல் வாங்கினாலோ மட்டுமே ஓட்டு இரண்டாமவருக்குப் போகும் நம் முறையில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், மக்கள் வரைபடத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவதாக இருந்தால். ஆனால் நம் ஒன்றுவிட்ட அண்ணன் ஜார்லத் லாஃப்டஸ்தான் ஃபின்டனின் தேர்தல் ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்கள் கோயில் சுவரோரம் புகை பிடிக்கிற இடத்தில் நின்று, "ஃபின்டன் சீட்டு உறுதி. டாக்டர் நிலைமைதான் கொஞ்சம் இழுபறி" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறான்.

அந்த வாக்கியம் எனக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. நான் துண்டுப் பிரசுரத்தோடு திருமதி ஹெகார்ட்டி வீட்டுக்குப் போனால் அவள் கதவைப் பாதி திறந்து, "ஃபின்டனுக்கு என்னம்மா, அவன்தான் ஜெயிச்சாச்சே! பாவம், அந்த மாட்டு டாக்டர் புள்ளைக்கு யார் இருக்கா?" என்றாள். "யாரும் இன்னும் ஜெயிக்கலை, திருமதி ஹெகார்ட்டி. ஓட்டே இன்னும் போடலை" என்றேன். "உனக்கு எப்பவுமே நம்பிக்கை கம்மி. படிச்சவ இல்ல?" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டிலும் இதே கதை. அதற்கடுத்த வீட்டில் எனக்கு வாழ்த்துச் சொல்லிக் கேக் கொடுத்தார்கள். ஜெயித்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கிற கேக். இதை ஃபின்டனிடம் சொன்னேன். "மக்கள் பாசத்தை நீ சந்தேகப்படுற, அட்ராக்டா" என்றான். நான் பாசத்தைச் சந்தேகப்படவில்லை, கணக்கைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஓட்டு எண்ணிக்கை தொழிற்பள்ளிக் கூடத்தில். கட்சிக்காரர்கள் எல்லாரும் மரத் தடுப்பின் மேல் வயிறு அழுந்தச் சாய்ந்து, பெட்டியைக் கவிழ்த்து ஓட்டுச்சீட்டுகளைப் பிரிக்கும்போதே யாருக்கு ஒன்று விழுந்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுகிற கூத்து உனக்கு மறந்திருக்காது. முதலில் கவிழ்த்தது நம் கில்லாவன் பெட்டி. நாம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். ஜார்லத் கோடு போட ஆரம்பித்தான். டூஹி, டூஹி, டூஹி, கெரட்டி, டூஹி. மோசி கெரட்டி சுயேச்சை. தார் ரோடு போடுகிறேன் என்று சத்தியம் செய்யும் மதுக்கடைக்காரன். ஃபின்டன் பெயருக்கு நேரே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழுந்தது. பென்சில் நின்றது. "பெட்டி மாறிப்போச்சு போல" என்றான் ஜார்லத். பெட்டி மாறவில்லை. சீட்டுக்குச் சீட்டு ஃபின்டனுக்கு இரண்டு போட்டிருந்தார்கள். ஊரே அவனை நேசித்து இரண்டாம் இடத்தில் வைத்திருந்தது.

எனக்குப் பக்கத்தில் ஃபின்டனின் மனைவி டிம்ப்னா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "டிம்ப்னா, நீயுமா?" "என் ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன். டாக்டர் நம்ம பசுவுக்குக் காசே வாங்காம வைத்தியம் பார்த்தாரு." அவள் அழுகிறாளோ என்று நான் தோளில் கைவைத்த நேரத்தில், தடுப்பின் மேலிருந்தபடியே ஜார்லத் திரும்பாமல், "அதையெல்லாம் இப்ப எதுக்குப் பேசணும்? நானும் எங்கம்மாவும்கூடத்தான்" என்றான். ஏஜென்ட், அக்கா. வேட்பாளரின் ஏஜென்ட்.

முதல் சுற்றிலேயே எதிர்க்கட்சி ஆள் தேர்வாகிவிட்டார். மீதி இரண்டு இடம். சிறிய வேட்பாளர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்து, அவர்கள் சீட்டுகளை அடுத்த எண்ணுக்குப் பகிர்ந்துகொண்டே வந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஃபின்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினான். கெரட்டியும் ஏறினான். கடைசியில் டூஹி, கெரட்டி, ஃபின்டன் மூவர் மட்டும். டூஹி எட்ட முடியாத தூரத்தில் முன்னால் இருந்தார், ஆனாலும் தேவையான எண்ணிக்கையைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் மிஞ்சிய ஓட்டு நமக்கு வந்திருக்கும். இப்போது அந்த இரண்டுகள் எல்லாம் அவர் கட்டுக்குள் கட்டுண்டு கிடந்தன. மூவரில் கடைசி ஆள் வெளியே போக வேண்டும். அதிகாரி ஒலிபெருக்கியைத் தட்டினார். கெரட்டி முன்னால், ஃபின்டன் பின்னால். வித்தியாசம் மூன்று ஓட்டு.

மறு எண்ணிக்கை கேட்டோம். ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, எண்ணி, திரும்பக் கட்டினார்கள். ஜார்லத் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டினான், கெரட்டியின் ஆட்கள் அவனைப் பார்த்து, "மேல இருக்கிறவரும் கெரட்டிக்குத்தான் போட்டாராம், லாஃப்டஸ்!" என்று கத்தினார்கள். நான் மனசுக்குள் வேறொரு எண்ணிக்கை நடத்திக்கொண்டிருந்தேன். டிம்ப்னா, ஜார்லத், ஜார்லத்தின் அம்மா. மூன்று. அந்த மூன்றும் வந்திருந்தால் சமம். சமமானால் முதல் சுற்றில் ஒன்றாம் எண் ஓட்டு யாருக்கு அதிகம் என்று பார்ப்பார்கள். அதில் கெரட்டி எங்களைவிட மேலே. ஆக, இன்னும் ஒரே ஒரு ஓட்டு வேண்டியிருந்தது.

மறு எண்ணிக்கையும் அதே மூன்று. ஃபின்டன் எழுந்து கெரட்டியின் கையைக் குலுக்கினான். டூஹியின் கையைக் குலுக்கினான். பிறகு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தான். "யாரையும் திட்டாத, அட்ராக்டா" என்றான். "எப்படித் திட்டாம இருக்கிறது? நாலு ஓட்டு, ஃபின்டன்! நம்ம வீட்டுலயே மூணு பேர்..." "நாலு" என்றான். "தனக்குத் தானே ஒண்ணு போட்டுக்கிறது ஒரு மாதிரி இருந்துச்சு. அன்னைக்குக் காலைலதான் ஃபாதர் தாழ்மையைப் பத்திப் பேசினாரு."

அக்கா, அந்த நால்வரும் வாக்குச்சாவடிக்கு ஒரே காரில் போனார்கள். காரை ஓட்டியவள் நான்.

நான் அவனுக்குத்தான் ஒன்று போட்டேன். பாசத்தினால் என்று சொல்ல மாட்டேன். மற்றவர்களை நம்பவில்லை, அவ்வளவுதான். இனி நம் குடும்பத்துக்கு அரசியல் முடிந்தது, தொகுதிக்கும் ஆயுள் முடிந்தது. எனக்கு இதில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். ஈஸ்டருக்கு லிஸ்பனுக்குப் போகப் பணம் கட்டிவிட்டேன். ஃபின்டன் பழைய பள்ளியில் வேலை கேட்டிருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். அவனுக்காக ஜெபம் செய். ஜார்லத்துக்காக வேண்டாம். உன் மடத்துச் சகோதரிகள் அனைவருக்கும் என் வணக்கம். புனித பிரிஜித் உன்னையும் உன் கிணற்றையும் காக்கட்டும்.

என்றும் உன் தங்கை,
அட்ராக்டா டர்கன்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாமல் என் கைப்பையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது. எல்லை மாற்றும் சட்டம் நிறைவேறவில்லை; கிழக்கு ராத்கார்ன் உயிரோடு இருக்கிறது; மறுபடி தேர்தல். ஃபின்டன் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஹோட்டலில் கூடிய கட்சிக்காரர்கள், நான் தேநீர் வாங்கப் போயிருந்த சமயத்தில் என்னை வேட்பாளராக்கிவிட்டார்கள். "உன்கிட்ட ஒரு தகுதி இருக்கு, நீ இன்னும் தோக்கலை" என்கிறான் ஜார்லத். லிஸ்பன் பயணமும் போயிற்று. இம்முறை முன்னெச்சரிக்கையாக, வாசலுக்கு வாசல் போய், நான் படுதோல்வி அடையப்போகிறேன், தயவுசெய்து எனக்கு ஒன்று போடுங்கள் என்று சொல்லிவருகிறேன். நேற்று திருமதி ஹெகார்ட்டி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "அடப் பாவமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தோக்கப்போறவளுக்குப் போட்டு என் ஓட்டை நான் எதுக்கும்மா வீணாக்கணும்?"