கொலாண்டர்: பொருளும் பயன்பாடும்

ஓட்டைகளை ஒழுங்காகப் போடத் தெரிந்த நாளில்தான் மனிதகுலம் நாகரிகம் அடைந்தது. இந்தப் பேருண்மை ஒரு மின்விசிறிக் கம்பெனியின் எம்.டி.க்கு வெளிநாட்டுப் பயிற்சி முகாம் ஒன்றில் புலப்பட்டது. ஊர் திரும்பிய கையோடு சுற்றறிக்கை விட்டார்: ‘இனி நம் நிறுவனம் கொலாண்டர் முறையில் இயங்கும்.’

படித்தவர்கள் எல்லோரும் ஆழ்ந்து தலையாட்டினார்கள். ஒருவருக்கும் பொருள் தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கெட்ட பழக்கம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் கிடையாது.

ஆகவே நிர்வாக அதிகாரி, கதவைச் சாத்திக்கொண்டு ‘அகராதி’யைக் கூப்பிட்டார். விசிறி சுற்றவில்லை என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதும் பெண் அவள். இங்கிலீஷ் தெரிந்ததால் பாதிப் பெயர். எதிர்த்துப் பேசுவதால் மீதிப் பெயர்.

“கொலாண்டர்னா என்னம்மா?”

“வடிதட்டு சார். ஓட்டை ஓட்டையா இருக்குமே. காய் கழுவி வைக்கலாம், நூடுல்ஸ் வடிக்கலாம். எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு.”

அதிகாரியின் முகம் தொங்கிப்போனது. “எம்.டி. ஏழு கடல் தாண்டிப் போனது வடிதட்டு பாக்கவா? கொஞ்சம் உயரமா யோசிம்மா.”

“உயரத்துலதான் சார் இருக்கு. ஆணியில மாட்டியிருக்கோம்.”

“விளையாடாதே. இங்க யார் தங்கணும், யார் வடியணும்னு இதை வெச்சுத்தான் முடிவாகப் போகுது. நல்லதா ஒரு விளக்கம் எழுதிக் கொண்டா.”

வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலை வரை உட்கார்ந்து எழுதினாள்:

‘பொருள்: கலந்திருப்பதைப் பிரிக்கும் துளைப் பாத்திரம். பயன்பாடு ஒன்று: மேலே தங்குவது வேண்டியது, கீழே போவது கழிவு. பயன்பாடு இரண்டு: சில வேளை கீழே போவதே வேண்டியது. அப்போது அடியில் மறக்காமல் ஒரு பாத்திரம் வைக்கவும்.’

அதிகாரி இரண்டாவது பயன்பாட்டைச் சிவப்பு மையால் அடித்தார். “ஒரு சொல்லுக்கு ரெண்டு பயன்பாடு எதுக்கு? மேல இருக்கறவங்க குழம்பிடுவாங்க.”

“சூப் வடிகட்டினா கீழ வர்றதுதானே சார் சூப்பு?”

“இது ஆபீஸும்மா. சமையல்கட்டு இல்ல. ஆமா, உங்க வீட்டு வடிதட்டை நாளைக்குக் கொண்டு வா. செயல்விளக்கத்துக்கு வேணும்.”

மறுநாள் வீட்டில் நூடுல்ஸை வேகவைத்துவிட்டு ஆணியைப் பார்த்த கணவன் அவளுக்குப் போன் செய்தான்.

“ஏம்மா, வடிதட்டு எங்க?”

“ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கு.”

“இத்தனை வருஷத்துல உன்னையே ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டதில்ல. அது எப்படிப் போச்சு?”

“அதுக்கு வாய் இல்லையே. அதான் கூப்பிட்டிருக்காங்க.”

அதற்குள் அந்தச் சொல் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. “உங்க ஃபைலைக் கொலாண்டர் பண்ணியாச்சா?” என்று நடைவழியில் விசாரித்துக்கொண்டார்கள். மச்சினிக்கு வரன் கொலாண்டர் பண்ணிக்கொண்டிருப்பதாக நிர்வாக அதிகாரி பெருமையோடு சொன்னார்.

செயல்விளக்கம் உணவுக்கூடத்தில் நடந்தது. கூட்டத்துக்கு அழைப்பில்லாத அகராதி, வடிதட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாமென்று வாசலில் நின்றாள். எம்.டி. கோட்டைக் கழற்றி ஒரு மேலாளர் கையில் கொடுத்தார். வடிதட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்தார். மேலாளர்கள் இருவர் அடுப்பிலிருந்த எலும்பு சூப்பை அண்டாவோடு தூக்கி வந்து கவிழ்த்தார்கள். ஆவி எழும்பியது, சூப் மொத்தமும் சாக்கடைக் குழாயில் இறங்கிப் போனது.

“பாருங்க!” என்று எம்.டி. வடிதட்டை உயர்த்திக் காட்டினார். “ஓடுறதெல்லாம் ஓடிடுச்சு. நின்னது எது? கம்பெனியோட முதுகெலும்பு!”

கைதட்டல் காதைப் பிளந்தது. “சார், அதான் இன்னிக்கு மதியச் சாப்பாடு” என்று சமையல்காரர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அகராதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நிர்வாக அதிகாரியின் கையைப் பிடித்தாள். “சார், இப்பவாவது அந்த ரெண்டாவது பயன்பாட்டைச் சொல்லிடுங்க.”

“அதான் அடிச்சாச்சேம்மா” என்றார் அவர், கைதட்டுவதை நிறுத்தாமல்.

பிறகு துளையின் அளவைத் தீர்மானித்தார்கள். மிகவும் அறிவியல்பூர்வமான அளவு அது. கூட்டங்களில் அதிகம் உட்கார்ந்தவர்கள் கனமானவர்கள், தங்குவார்கள், உட்காராதவர்கள் வடிவார்கள். மோட்டாருக்கு அடியில் படுத்துக்கிடந்த ரிப்பேர்க்காரர் வடிந்தார். பெட்டி கட்டுகிறவர் வடிந்தார். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க நேரமில்லாத டெலிபோன்காரம்மா வடிந்தார். அகராதியும் வடிந்தாள். வந்த முதல் நாளே முக்கியமான கூட்டம் ஒன்றில் பங்கேற்றிருந்த வடிதட்டு மட்டும் தங்கிவிட்டது.

அதன்பின் நிறுவனம் கண்ட மேன்மையைச் சொல்லி முடியாது. செலவு குறைந்தது. சத்தம் குறைந்தது. விசிறியும் குறைந்தது. ‘வேலை ஏன் நடக்கவில்லை’ என்பது பற்றிக் காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் தவறாமல் நடந்தது. எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். சிக்கனத்துக்கான விருது எம்.டி.க்கு வழங்கப்பட்டது. மேடையில் அவருக்குப் பின்னால் நின்ற விசிறி சுற்றவில்லை.

ஒரு நாள் நிர்வாக அதிகாரி அகராதிக்குப் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

“அம்மா, நல்லா இருக்கியா? அந்த ரெண்டாவது பயன்பாடு... எம்.டி. கேக்குறார். இன்னும் இருக்கா?”

“இருக்கு சார். அடியில பாத்திரம் வெச்சா எல்லாம் அப்படியே கிடைக்கும்.”

“அப்ப உடனே வெச்சிடலாமே!”

“எதிர்க் கம்பெனிக்காரங்க அன்னிக்கே வெச்சுட்டாங்க சார். நாங்க எல்லாரும் அதுலதான் இருக்கோம்.”

மறுமுனையில் அவர் பேனாவை மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

“சார், என் வடிதட்டையாவது அனுப்பி வைங்க. வீட்ல இன்னிக்கு சூப்பு.”

“அது முடியாதும்மா. எம்.டி. ரூம் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம். போறவங்க வர்றவங்க எல்லாம் அதுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் போறாங்க.”

வணக்கம் சொல்ல வேண்டியதுதான். தன் ஓட்டையை ஒளிக்காத அதிகாரி அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.