கொஞ்சம் மெதுவா வெடி

வயலில் துப்பாக்கி வெடித்த வேகத்தில் கிளிக்கூட்டம் மொத்தமும் பறந்தது. மீரா உசேனுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வயலை ஒட்டிய வீட்டு வாசலில் பட்டாபிராமன் சார் முகத்தைச் சுளித்து, காதில் கை வைத்தபடி நின்றார்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் அந்த மூன்று ஏக்கரும் சாருடையது. மீரா உசேன் குத்தகைக்காரன். மனைவி இறந்த பிறகு சார் சென்னையை விட்டுப் பூர்வீக வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. யாரோடும் பேசமாட்டார். குத்தகைப் பேச்செல்லாம் சென்னையில் இருக்கும் மகள் ஸ்ரீரஞ்சனியோடு, போனில்.

"காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறாரு ஷமீரா. அடுத்த வருசம் நிலத்தை விடுவாரா?"

"நேராப் போய்க் கேளுங்களேன்," என்றாள் அவன் மனைவி.

"என்னன்னு கேக்குறது? தொந்தரவுன்னு முகத்துலயே எழுதியிருக்கு."

பறவை விரட்டும் காஸ் துப்பாக்கி அது. காஸ் சேர்ந்து அழுத்தம் ஏறினால் ஸ்பிரிங் விலகும், வெடிக்கும், தானாகவே அடுத்த வெடிக்குத் தயாராகும். குவைத்தில் பதினோரு வருடம் ஏசி ரிப்பேர் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? காஸைப் பாதியாகக் குறைத்தான்.

சத்தம் குறைந்தது. ஆனால் ஒரே வெடிதான். அப்புறம் மூச்சே இல்லை. ஸ்பிரிங்கைத் தள்ள அந்த அழுத்தம் போதவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவனே சேற்றில் ஓடிப்போய்த் தட்டிவிட வேண்டியிருந்தது.

"தானா வெடிக்கும்னுதானே வாங்குனீங்க?" என்றாள் ஷமீரா.

மறுநாள் சார் வாய்க்கால் மதகு வரைக்கும் வந்துவிட்டார். கை காதிலேயே இருந்தது.

'இன்னமும் இரைச்சல்தான் போலிருக்கு' என்று மீரா உசேன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மெல்லியதாக ஒன்றைப் போட்டான். இப்போது தானாக ஓடியது. நிற்கத்தான் இல்லை. சளி பிடித்த ஆள்போல விடாமல் இருமியது. கிளிகள் முதலில் எழுந்து பறந்தன. பிறகு தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன. பிறகு அதுவும் இல்லை. ஒரு கிளி துப்பாக்கிக் குழாய் மேலேயே உட்கார்ந்து கதிரைக் கொறித்தது.

அதற்கடுத்த நாள் சார் வரப்புக்கே வந்து, துப்பாக்கிக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

மீரா உசேன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். துப்பாக்கியைக் காட்டி, "இப்பப் பரவாயில்லையா சார்?" என்றான்.

சார் துப்பாக்கியையே பார்த்தார். "இல்லப்பா," என்றார். கண் கலங்கியதுபோல் இருந்தது. திரும்பி நடந்தார்.

மீரா உசேன் கோணிச்சாக்கை நனைத்துக் குழாய் வாயில் சுற்றினான். 'புஸ்' என்றது.

"இதுக்கு நானே வந்து கை தட்டியிருப்பேனே," என்றாள் ஷமீரா.

நான்கு நாளில் பால் பிடித்த கதிரெல்லாம் வெறும் சக்கையாகத் தொங்கியது. ஒரு ஏக்கர் போய்விட்டது. கிளிகள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. வயசான காலத்தில் நிம்மதி தேடி வந்த மனிதரை இப்படி அலைக்கழித்துவிட்டோமே என்றுதான் நெஞ்சை அறுத்தது. முதல் நாளே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். துப்பாக்கியை நிறுத்திவிட்டு, சார் வீட்டுக் கதவைத் தட்டினான்.

ஸ்ரீரஞ்சனி திறந்தாள். முந்தின நாள்தான் அவசரமாகச் சென்னையிலிருந்து வந்திருந்தாள்.

"துப்பாக்கியை மொத்தமா நிறுத்திட்டேம்மா. சார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இனிமே ஒரு சின்னச் சத்தம்கூட அவரு காதுல விழாது."

அவள் கதவை அகலத் திறந்தாள்.

"அப்பாவை அண்ணா திருச்சிக்குக் காது டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போயிருக்கான். ரெண்டு வருஷமா அவருக்கு எதுவுமே கேக்காது. உங்க வெடி ஒண்ணுதான் கேட்டுது, இப்போ அதுவும் போயிடுத்துன்னு குழந்தை மாதிரி அழறார்."