ரொட்டியை நீக்கியவர்

“எதைச் சுட்டீங்கப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்று மறுபடியும் கேட்டார் புரூஃப் ரீடர்.

கட்டிலில் கிடந்த அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையணை மேல் செல்போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

“ரொட்டி.”

புரூஃப் ரீடர் பதிவை நிறுத்தினார்.

நூலகத்தில் போர் நினைவு அறை திறக்கப்போகிறார்கள். போருக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு பலகை. அவர் கதை, அவர் சொன்ன சொற்களிலேயே. எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஒரு பாலம் இருந்தது. ராத்திரி பகலாகக் காத்த பாலம். மருந்துக்கடைக்காரரின் மாமனாருக்கு ஒரு கால் இல்லை. அப்பாவுக்கு இருந்ததெல்லாம் ஒரு கரண்டி. போரில் ரொட்டி சுட்டேன் என்று திரும்பி வந்த அன்று சொன்னவர்தான். அதற்கு மேல் வாய் திறந்ததில்லை. தெருவில் அவர் பெயர் கரண்டி. பள்ளிக்கூடத்தில் மகன் சின்னக் கரண்டி. தலை நரைத்து, அச்சகத்தில் ஊரார் எழுத்துப் பிழையெல்லாம் திருத்தும் ஆளாகியும், கூடப் படித்தவர்கள் பஸ்ஸில் பார்த்தால் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பா போனபின் ஊரில் மிஞ்சப்போவது அந்தப் பலகை ஒன்றுதான். அதிலும் கரண்டியா?

“பனிக்காலம் பூரா ரொட்டி சுட்டேன். கை ஓயல. அந்த வாசனை இன்னும் மூக்க விட்டுப் போகல” என்று அப்பா சொல்லியிருந்தார். அதை எழுதி எடுக்கும்போது, பழக்கதோஷத்தில், புரூஃப் ரீடரின் கை ஒரு சொல்லை அடித்துவிட்டது. ரொட்டியை மட்டும்தான். மற்றதெல்லாம் அப்பாவின் சொற்களே. இதைப் பொய் என்று சொல்ல முடியாது, சுருக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம் என்று அவர் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மனைவி வாசித்துப் பார்த்தாள்.

“மாமாவுக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது. ரொட்டி சுட்டாருங்கறதயே நான் பெரிய மனசு பண்ணித்தான் நம்புனேன். இதுல துப்பாக்கி வேறயா?”

அவள் சொன்னதும் நியாயம்தான். அப்பா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. குக்கர் விசில் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். சமைத்துச் சமைத்து வெறுத்துப் போயிருக்கும் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

நூலக அதிகாரி அம்மாளுக்கு அவர் எழுதிக் கொடுத்த பக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. வாசலுக்கு நேராக மாட்டிவிடலாம் என்றார். எந்த இடத்துச் சண்டை என்று மட்டும் கேட்டார். புரூஃப் ரீடர் அதை யோசித்து வந்திருக்கவில்லை. அதிகாரியின் மேசைக்குப் பின்னால் தொங்கிய வரைபடத்தில் ஒரு குன்று தெரிந்தது. அதைக் காட்டிவிட்டார்.

விஷயம் எதிர்வீட்டுக்குப் போயிற்று. பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“என் பாலம் அந்தக் குன்றுக்குக் கீழதான்யா இருந்துச்சு. மேல இருந்தவன் பூரா எதிரி. உங்கப்பன் அங்க என்ன பண்ணான்?”

குன்றை மாற்றிக்கொள்ளலாமா என்று புரூஃப் ரீடர் நூலகத்தில் கேட்டுப் பார்த்தார். அச்சுப் பிழை என்றார். அதிகாரி அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. கூட இருந்தவர் யாராவது வந்து சொன்னால்தான் பலகை, இல்லையென்றால் அப்பாவின் பெயரே சுவரில் வராது என்று சொல்லிவிட்டார். அதற்குள் கரண்டி எதிரிப் படையில் இருந்தவராம் என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் வந்து, வாசலோடு நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனார். வாடகைக்கு எடுத்துப் போட்ட நாற்காலிகள் வெயிலில் காய்ந்தன.

“கரண்டியாவே போயிருந்தா தெருவே வந்திருக்கும்” என்றாள் மனைவி. அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

பத்திரிகையில் இறப்புச் செய்தி பார்த்து, பக்கத்து ஊர் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு கிழவர் போன் செய்தார். அப்பாவோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவராம். மறுநாளே புரூஃப் ரீடர் பஸ் ஏறினார்.

கிழவர் தோட்டத்து பெஞ்சில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முன்னங்கைகளிலும் வரிவரியாகப் பழைய தழும்புகள். எந்தப் போர்முனையில் பட்டதோ என்று புரூஃப் ரீடர் மரியாதையோடு பார்த்தார். பிறகு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார், குன்றைக்கூட.

“நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கய்யா. அவரும் துப்பாக்கி தூக்குனாருன்னு. உங்களப் பொய் சொல்லச் சொல்றேன், தப்புதான். ஆனா ஊரே அவரக் கரண்டின்னு சிரிச்சுது. செத்த பிறகாவது...”

கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ரொட்டி சுட்டேன்னா சொன்னான்? கடைசி வரைக்கும்?”

“சாகுற அன்னைக்குக்கூட அதேதான்.”

“உங்கம்மாகிட்ட?”

“அம்மாகிட்டயும் அதேதான்.”

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். மடித்திருந்த சட்டைக் கையை இழுத்துத் தழும்புகளை மூடினார்.

“அந்தப் படையில ரொட்டி சுட்டவன் நான், தம்பி. வீட்ல சொல்லிக்கிறதுக்காக என் வேலைய உங்கப்பன் எங்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனான்.”