முதல் இருபத்தைந்து நிமிடங்களின் அறிவாளி

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பாட்காஸ்ட் கேட்கும் தமிழர்கள் இருபது பேர், சிங்கப்பூரின் தேக்காவில் ஓர் உணவகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம்.
2. மாதாமாதம் எல்லாரும் கேட்க வேண்டிய எபிசோடுகளைத் தேர்ந்தெடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான் என்று முடிவு செய்தேன். (மற்றவர்களைக் கேட்கவில்லை.)
3. அதை நிரூபிக்க அத்தனை பேரையும் நாக்கை நீட்ட வைத்தேன்.

என் ஆசையில் நியாயம் இருந்தது. நான் மென்பொருள் பொறியாளர். கேட்கும் ஒவ்வொரு எபிசோடுக்கும் எக்செல்லில் ஒரு வரி எழுதுவேன். தலைப்பு, துறை, யோசிக்க வைத்த கருத்து, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண். ஒரே துறையில் அடுத்தடுத்து இரண்டு கேட்பதில்லை. வாரம் ஒன்று எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத துறையிலிருந்து. இப்படி எறும்பு, பாலம், கடல் சட்டம், தூக்கம் என்று தொண்ணூற்றாறு வரிகள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிறம்.

போட்டியாக இருந்தவர் ரேணுகா அக்கா. பிடோக்கில் வீடு, ஜூரோங்கில் ஒரு கிளினிக்கில் வேலை, ரயிலில் ஒரு மணி நேரம். ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும், பிறகு கை தூக்கி வாக்கெடுப்பு. அக்கா அமைதியாகப் பேசி அமர்ந்தார். பாவம், செய்முறை விளக்கம் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் லட்டு கொண்டுபோயிருந்தேன்.

"எல்லாரும் நாக்கு நுனியில மட்டும் ஒரு துண்டு வைங்க. மெல்லக் கூடாது. இனிக்குதா? நுனியிலதான் இனிப்பு தெரியும், பின்னால கசப்பு, ஓரத்துல புளிப்பு!"

யாரும் மறுக்கவில்லை. (நாக்கு வெளியே இருந்தது.) படம் பிடிக்க வந்த என் தம்பி கார்த்தி ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் படம்பிடித்தான்.

ரேணுகா அக்கா மட்டும் துண்டை உள்ளே தள்ளினார். "தங்கச்சி, எனக்குப் பின்னாலயும் இனிக்குதே."

"சரியா வைக்கல போல, அக்கா." (இப்படிச் சொல்லவில்லை என்று மறுக்க வழியில்லை. வீடியோ இருக்கிறது.)

"இல்லம்மா, அந்த நாக்கு எபிசோட் நானும் கேட்டேன் லா. நுனியில இனிப்பு, பின்னால கசப்புங்கற அந்த மேப்பே தப்புன்னு பிற்பாதியில சொல்றாங்க. அதுக்காகத்தானே அந்த எபிசோடே!"

"எத்தனாவது நிமிஷம்?"

"முப்பது இருக்கும்."

"நான் இருபத்தஞ்சுல இறங்கிடுவேனே."

செங்காங்கில் பஸ் ஏறினால் தெம்பனிஸ் அலுவலகத்துக்கு இருபத்தைந்து நிமிடம். விஷயம் பிடிபட்டுவிட்டது என்று வரியை எழுதிவிட்டு, மாலையில் புதிய எபிசோடுக்குத் தாவிவிடுவேன்.

கூட்டத்தை நடத்தும் செல்வம் அண்ணன், "அப்போ எறும்பு சுறுசுறுப்புன்னு போன மாசம் சொன்னியே?" என்றார்.

"நிறைய எறும்பு சும்மாதான் உக்காந்திருக்கு அண்ணே," என்றார் அக்கா. "அதுவும் பிற்பாதிதான்."

அப்போதுதான் புரிந்தது. இத்தகைய நிகழ்ச்சிகள், ஊர் நம்புவதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு அதை உடைக்கும். நான் முதல் பகுதியை மட்டும் சேகரித்திருந்தேன். உலகத்தின் தவறான நம்பிக்கைகளைத் துறைவாரியாக, நிறம் தீட்டி, மதிப்பெண்ணும் போட்டு வைத்திருந்தேன்.

உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பட்டியலைத் திரையில் போட்டேன். "இதுல ஒண்ணுகூட முழுசா கேக்கல. ஆனா இத்தனை இடத்துல தேடிக் கண்டுபிடிச்சது நான்தான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அக்கா எழுந்து திரைக்கு அருகே போனார். "கடல் சட்டமா? இதெல்லாம் எங்க புடிச்சேம்மா? நான் மூணு வருஷமா டாக்டருங்க பேசறத மட்டும்தான் கேக்குறேன்." பிறகு திரும்பி, "இவளே எடுக்கட்டும் அண்ணே. கடைசிவரைக்கும் கேட்டுட்டு எடுக்கட்டும்," என்றார்.

எனக்குப் பன்னிரண்டு கைகள், அக்காவுக்கு எட்டு. பன்னிரண்டில் ஒன்று அக்காவுடையது. எட்டில் ஒன்று என் தம்பியுடையது. (அவன் உறுப்பினரே அல்ல.)

கார்த்தி வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டதால், வீட்டில் இன்றுவரை நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. "மழை வரும்மா, துணிய எடுங்க" என்றால், "இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு அப்புறமும் வருமாடி?" என்கிறார் அம்மா.

இரண்டு ஆண்டுகளாக எபிசோடுகளை நான்தான் தேர்ந்தெடுக்கிறேன். போன மாதம் காளான்கள். இந்த மாதம் பூட்டுகளின் வரலாறு, ஐம்பத்து மூன்று நிமிடம். முழுவதும் கேட்டுவிட்டேன்.