ஜெர்மன் பண்ணையாரை நான் ‘நீ’ என்று கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கட்டியவற்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் முதல் மாடி வீடு என்னுடையது. நன்னிலத்துக்குக் கிழக்கே முதல் மைக் செட் என்னுடையது. இரண்டு கட்சியும் மாறி மாறி ஆட்சிக்கு வந்தன; யார் வந்தாலும் மேடையில் என் மைக்தான் நின்றது. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிக்காரர்கள் போட்ட கூட்டத்துக்கும் என் மைக், அதற்குப் பதில் சொல்ல மிராசுதார்கள் போட்ட கூட்டத்துக்கும் என் மைக். (இரண்டுக்கும் நடுவில் அதைத் துடைக்கக்கூட நேரம் கிடைக்காது.) பிறகு, ஊரே கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த காலத்தில், தென்னைக்குத் தென்னை ஒயர் இழுத்துப் பதினோரு ஊருக்குக் கேபிள் டிவி கொடுத்தேன். கூலிக்கார வீட்டுப் பிள்ளை இத்தனையும் செய்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை.

அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு எழுத்தைச் சொல்ல முடியாமல் வியர்த்து நின்றிருக்கிறேன். பிறகு அதைச் சொல்லித் தொலைத்துவிட்டு ஓடியும் இருக்கிறேன். அதைத்தான் இப்போது ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

கேபிள் வந்த புதிதில் தேவநேசன் சார் என்னைத் தேடி வந்தார். லுத்தரன் சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; இளமையில் நாலு வருடம் ஜெர்மனியில் இருந்தவர். அங்குள்ள சிநேகிதர் ஒருவர் அவருக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரைக் கேசட்டுகளில் அனுப்பியிருந்தார். ஊரில் போட்டுக்காட்ட அனுமதிக் கடிதமும் கூடவே வந்திருந்தது. ஒரு ஜெர்மன் கிராமம், ஒரு பண்ணையார், அவரிடம் வேலை பார்க்கும் ஹான்ஸ், நிறைய மாடு. இதுதான் கதை. “தமிழ்ல பேச வச்சு உங்க கேபிள்ல போடலாம், மாசிலாமணி” என்றார்.

கேபிள் ஆபீசின் பின்னறையில் சுவர் முழுக்கச் சாக்குத் தொங்கவிட்டு ஸ்டூடியோ ஆக்கினேன். மிஷினைப் பார்த்துக்கொள்ள என் மச்சான் செல்வராசு. பெண்கள் அத்தனை பேருக்கும் சாரின் சம்சாரம் ஒருவரே குரல். (மாமியாரும் மருமகளும் சண்டை போடும் கட்டத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கும்.) மேடை மேடையாக “மைக் டெஸ்டிங்” சொல்லி முறுக்கேறிய என் குரல் ஹான்ஸுக்கு. பண்ணையாருக்கு யார் என்று யோசித்தபோது சார் நேரே பெரிய வீட்டுக்குப் போய்விட்டார்.

பெரிய வீட்டு வைத்தியலிங்கம் ஐயா எங்கள் ஊர் மிராசுதார். வெண்கலக் குரல். வருடா வருடம் திருவையாற்று உற்சவத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து கூடவே பாடுகிறவர். என் தகப்பனார் சாகும்வரை அவர் பண்ணையில்தான் வேலை பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் எண்பது வயதுக் கிழவனுக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அவரிடம் ஒரே மரியாதைதான்: டேய், வா, போ. கேட்டவுடனே ஒத்துக்கொண்டார். பண்ணையார் வேஷத்துக்கு ஊரில் தன்னை விட்டால் வேறு ஆள் ஏது என்று கேட்டாராம்.

முதல் நாள், முதல் வசனம். காகிதத்தைப் பார்த்த ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

“தேவநேசன், இதுல யாருக்கு யாரு கூலியாளு?”

“ஹான்ஸ்தாங்க ஐயா கூலியாளு.”

“அப்புறம் எதுக்குப் பண்ணையார் ‘வாங்க ஹான்ஸ், உக்காருங்க’ங்கிறான்?”

“அங்க அப்படித்தாங்க. ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் நீங்கதான். நல்லா பழகின பிறகு, பெரியவரா பாத்து ‘இனிமே நீன்னே பேசிக்குவோம்’னு சொல்லணும். சின்னவர் முந்திக்கக் கூடாது. சொல்லிட்டா ரெண்டு பக்கமும் நீ.”

“ரெண்டு பக்கமுமா?” என்று கேட்டுவிட்டு ஐயா என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன்.

ஆனாலும் சொன்னார். மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவருக்குக் கச்சேரி செய்கிற ஞாபகம். ‘வாங்க’ என்பதை அப்படி இழைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது ஒளிபரப்பானபோது எங்கள் தெருவே டிவி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பண்ணையார், கூலியாளைப் பார்த்து, வாங்க, உட்காருங்க. அதுவும் யார் குரலில்.

மூன்றாம் வாரம் நடவு. நாற்றுக்கட்டோடு வரப்பில் நின்ற பெண்கள் வயலில் இறங்கவில்லை. ஐயா வந்து வழக்கம்போல அதட்டினார். நடவுக்காரப் பெண்களுக்குத் தலைவியான சின்னப்பொண்ணு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “டிவியில அந்த வெள்ளைக்காரப் பயல வாங்கன்னு கூப்புட்ட வாய்தானே ஐயா இது? எங்களையும் ஒரு வாட்டி கூப்புட்டா நாத்து ஒண்ணும் வாடிப்போயிடாது” என்றது.

ஐயா எதிர்வயலில் நின்ற ஒரு கொக்கைப் பார்த்து, “இறங்குங்க” என்றார். கொக்கு பறந்துவிட்டது. பெண்கள் இறங்கினார்கள்.

அன்று சாயங்காலம் என்னைப் பார்த்து, “உன் ஒயர் வழியா என்னென்னமோ ஊருக்குள்ள வருதுடா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருந்தது. ஐயாவின் பிள்ளைகள் சென்னையில் தங்கிவிட்டதால் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருந்தார். வடக்கு மதகை ஒட்டிய மூன்று மா நிலத்தை (ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்), என் தகப்பனார் ஆயுசுக்கும் உழுத அதே மூன்று மாவை, எனக்கே கிரயம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய் வார்த்தைதான். கும்பகோணத்து வியாபாரி ஒருவரும் அதே நிலத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். இரண்டரை மாதம் தள்ளி ஒரு திங்கட்கிழமை பத்திரப் பதிவு என்று நாள் குறித்தாயிற்று. “அதுவரைக்கும் உங்க வாயைக் கொஞ்சம் கட்டி வைங்க” என்றாள் என் மனைவி கமலா.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் பதினாலாம் பாகத்தின் ஒலிப்பதிவு. பண்ணையார் ஹான்ஸுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, ‘இனிமேல் நீ என்றே கூப்பிடு’ என்கிற கட்டம். தேவநேசன் சார் தரங்கம்பாடியில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். வசனத்தை எழுதி வைத்துவிட்டு, “உங்களால முடியுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். மந்திரிகளுக்கே மைக் பிடித்தவன் நான், ஒரே டேக்கில் முடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐயா தன் பங்கை ஒரே டேக்கில் முடித்தார். என்னைப் பார்த்து ‘நீ’ சொல்ல அவருக்குப் பிறந்ததிலிருந்தே ஒத்திகை.

என் முறை வந்தது. திரையில் ஹான்ஸ் வாயைத் திறந்தான். நானும் திறந்தேன். “ஐயா” என்று வந்தது. மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை வெறும் காற்று வந்தது. தோளில் கிடந்த துண்டு எப்போது இடுப்புக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

“மாமா, ஹான்ஸ் உக்காந்துல்ல இருக்காரு. நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? மைக்கு கீழ இருக்கு” என்றான் செல்வராசு.

அப்போதுதான் நான் நின்றுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்தேன். ஹான்ஸ் வாயைத் திறந்ததும் கால் தானாக எழுந்தது.

“வேஷம்தானேடா, சும்மா சொல்லு” என்றார் ஐயா. அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த எழுத்து இன்னும் உள்ளே போனது. எத்தனை தடவை எடுத்தோம் என்று எண்ணவில்லை. கடைசியில் அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, எழுந்து போனார்.

நாற்காலி காலியானதும் நாக்கு அவிழ்ந்தது. ‘நீ’ வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் ஒரு சங்கடம். சார் எழுதிய வசனம் நாலு வார்த்தை. ஹான்ஸின் வாயோ அசைந்துகொண்டே இருந்தது. ஜெர்மன்காரர்கள் நன்றி சொல்வதற்கே ஒரு பிரசங்கம் செய்வார்கள் போலிருக்கிறது.

“வாய் அசையிற வரைக்கும் எதையாச்சும் பேசி நிரப்புங்க மாமா. அப்புறம் பாத்துக்கலாம்” என்றான் செல்வராசு.

நிரப்பினேன்.

“நீதான். எங்கப்பா உன் வடக்கு மதகுல ஐப்பசி மழையில சாக்கைப் போத்திக்கிட்டு நின்னுச்சே, ஒரு நாளாச்சும் உக்காருன்னு சொன்னியா நீ? நான் மாடி கட்டி கிரகப்பிரவேசத்துக்குக் கூப்புட்டேன். வந்தே. என் வூட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டே என்னைய டேய்னு கூப்புட்டே. என் புள்ளைங்க பாத்துக்கிட்டு நின்னுச்சு.”

ஹான்ஸின் வாய் மூடிய இடத்தில் என் வாயும் மூடியது. அப்படி ஒரு பொருத்தம் இனி எந்த ஸ்டூடியோவிலும் அமையாது. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் அப்புறம் அழித்துவிட்டு வேறு பேசலாம் என்று நான் நினைத்தேன். அப்புறம் டிவியில் பார்த்துக்கலாம் என்று அவன் நினைத்திருக்கிறான்.

ஞாயிறு மத்தியானம். பனி கொட்டுகிற ஊரில், அடுப்புக்குப் பக்கத்தில், மஞ்சள் தாடி வைத்த ஹான்ஸ் கோப்பையைக் கையில் எடுத்தான். என் குரலில் பேசினான். கமலாவின் கரண்டி அப்படியே நின்றது.

“ஏங்க, ஜெர்மனியில ஐப்பசி மழை பெய்யுதா?” என்று கேட்டாள்.

பதில் சொல்ல நான் அங்கே இல்லை. கேபிள் ஆபீசுக்கு அரை மைல். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடி, பிளக்கைப் பிடுங்கினேன். பதினோரு ஊரிலும் டிவி இருண்டது. என் புத்தியைச் சொல்லவேண்டும்: சும்மா விட்டிருந்தால் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் கவனிக்காமலே போயிருப்பார்கள். படம் நின்றதும் எல்லோரும் தெருவுக்கு வந்து ஏன் நின்றது என்று விசாரித்தார்கள். கேட்டவர்கள் கேட்காதவர்களுக்கு விளக்கிச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டம். பண்ணையார் என்ன பதில் சொன்னார் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டுமாம். சின்னப்பொண்ணு அக்கா முன்னால் நின்றது. “டீக்கடையில கை தட்டுறாங்க மாமா” என்று செல்வராசு பெருமையோடு வந்து சேர்ந்தான். அவனை அன்று நான் அடிக்காமல் விட்டது என் வாழ்க்கைச் சாதனைகளில் ஒன்று.

பெரிய வீட்டிலும் என் கேபிள்தான். அங்கிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்று மா போயிற்று என்று கமலா முடிவு கட்டிவிட்டாள். கும்பகோணத்துக்காரர் கார் பெரிய வீட்டு வாசலில் நிற்பதாக யாரோ வேறு சொன்னார்கள்.

ஆனாலும் திங்கட்கிழமை காலையில் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போனேன். ஐயா எனக்கு முன்பே வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு முனைக்கு நகர்ந்தார்.

“வாங்க மாசிலாமணி. உக்காருங்க.”

ஆபீசே திரும்பிப் பார்த்தது. கேட்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து தவம் கிடந்த வார்த்தை. கேட்டபோது யாரோ முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி இருந்தது. உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. பத்திரம் எழுதுகிறவர், “ஹான்ஸு, உக்காருய்யா” என்றார். பெஞ்சின் மறு முனையில், விளிம்பில், பாதி உடம்பை மட்டும் வைத்தேன்.

கையெழுத்துப் போட ஐயாவைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். அந்தப் பக்கம் பாரம் போனதும் பெஞ்சு அந்தப் பக்கம் தூக்கியது. மைக் செட், மாடி வீடு, பதினோரு ஊர் கேபிள் எல்லாவற்றோடும் நான் தரையில் மல்லாந்து கிடந்தேன்.

“டேய், பாத்துடா. அடி பட்டுச்சாடா?” என்று ஐயா ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

அந்த ‘டேய்’ என் காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. அப்படி உயிர் வந்ததற்காக உடனே வெட்கமும் வந்தது. அவருக்கும் தன் வாயில் வந்தது உறைத்துவிட்டது. கையை விடாமலே நின்றார்.

“கிரகப்பிரவேசத்தன்னிக்கு…” என்று குரலைத் தாழ்த்தினார். “புள்ளைங்க பாத்துக்கிட்டா நின்னுச்சுங்க?”

“ஆமாங்க” என்றேன்.

தலையை ஆட்டினார். போய்க் கையெழுத்துப் போட்டார். ஒரே டேக்.

நிலம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னை ‘டேய்’ என்றும் கூப்பிடவில்லை, ‘வாங்க’ என்றும் கூப்பிடவில்லை. நானும் ‘ஐயா’வையும் சொல்லவில்லை, மற்றதையும் சொல்லவில்லை. வரப்பில் பார்த்துக்கொண்டால், “வந்தாச்சா?” என்பார். “வந்தாச்சு” என்பேன். “நடவு முடிஞ்சுதா? காப்பி குடிக்கிறதா? கெளம்பலாமா?” இப்படியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம். எங்கள் வீட்டில் இதற்கு ஜெர்மன் பாஷை என்று பெயர். கமலா என்மேல் கோபமாக இருக்கும் நாட்களில், “சாப்புடுறதா, வேணாமா?” என்பாள். உடனே பேரப்பிள்ளைகள், “ஆத்தா ஜெர்மன் பேசுது, தாத்தா ஓடிடுங்க” என்று கத்தும்.

இது இருக்கட்டும். சபைப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா மலரில் இந்தத் தொடரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ‘குரல் கொடுத்தோர்’ என்று போட்டு, வைத்தியலிங்கம் ஐயா படம், தேவநேசன் சார் படம், சாரின் சம்சாரம் பேசிய ஏழு வேஷமும் பெயர் பெயராக. கடைசியில் ‘மற்றும் ஊர்ப் பொதுமக்கள்’. ஸ்டூடியோ கட்டியவன், ஒயர் இழுத்தவன், வாரா வாரம் ஹான்ஸாக உட்கார்ந்து எழுந்தவன் ஊர்ப் பொதுமக்களா? மலரை மறுபடி அச்சிடுகிறார்களாம். பெரிய எழுத்தில் கேட்கவில்லை. இருக்கிற எழுத்திலேயே போடட்டும்: ஹான்ஸ், மாசிலாமணி. பதினாலாம் பாகத்துக்கு வசனமும் அவரே.