மிளகு மூட்டைக்கு ஒரு துவக்கு

கள்ளனைச் சுட ஒரு துவக்கு வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் நான் எடுக்கும் முடிவுகள், என் மனைவி தலையாட்டிய பிறகுதான் முடிவுகள். அதுவரைக்கும் அவை ஆசைகள். இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினி வாசலில் நின்று சொன்னேன்.

"ஜெயந்தினி, நான் துவக்கு வாங்கப் போறேன்."

"வாங்குங்க. வரும்போது கறிவேப்பிலையும் வாங்கிட்டு வாங்க."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

என் பெயர் மோகனராஜ். தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம். வீடு அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஜெயந்தினி சுற்றுவட்டாரத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கி, காயவைத்துத் துப்புரவாக்கி, பைக்கட் போட்டு மாத்தளை டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறாள். எங்கள் முன் அறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் மிளகு மூட்டைதான் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் முதலில் தும்முவார்கள், பிறகுதான் சுகம் விசாரிப்பார்கள்.

போன வாரம் கீழ்ச்சந்து நல்லையா வீட்டில் களவு. பட்டப்பகலில், முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகைப் படங்கோடு சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி அழகாயி உள்ளேதான் இருந்தாளாம். மிளகு போனதைவிடப் படங்கு போனதுதான் நல்லையாவுக்குப் பெரிய துக்கம். புதுப் படங்கு.

அன்றிலிருந்து எனக்கு வியாபாரம் ஓடவில்லை. தம்புள்ளையில் நான் வெங்காயத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது இவள் இங்கே தனியாக இருக்கிறாள். மூட்டை போனால் போகட்டும். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? இதை நேராகச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால்தான் துவக்கு என்று சொன்னேன். ஆம்பிளைகள் பயத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

"நான் பகிடி பண்ணல, ஜெயந்தினி. சொட்கன். ரெட்டைக் குழல்."

"அதுல என்ன விசேஷம்?"

"சுட்டா ஈயக்குண்டு பரவும். குறி பாக்கத் தேவையில்ல."

"எவ்வளவு தூரம் பரவும்?"

"நம்ம முன் ரூம் முழுக்க."

"முன் ரூம்ல என்ன இருக்கு?"

"கள்ளன்."

"அப்புறம்?"

"மிளகு மூட்டை."

"அப்புறம்?"

"டீவி."

"எங்கம்மா போட்டோ?"

"ஆமா, அதுவும் இருக்கு."

கொஞ்சம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் துருவுவதை நிறுத்தினாள்.

"துவக்க எங்க வப்பீங்க?"

"அலுமாரியில. பூட்டி."

"அலுமாரிச் சாவி?"

அது கல்யாணமான நாள் முதல் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. "உன்கிட்ட" என்றேன்.

"தோட்டா?"

"அது வேற எடத்துல இருக்கணும். அதான் பாதுகாப்பு. அரிசிப் பேணிக்குள்ள போட்டு வைப்போம்."

"அரிசிப் பேணி எங்க இருக்கு, சொல்லுங்க?"

நான் குசினியைச் சுற்றிப் பார்த்தேன். பேணிகள் நிறைய இருந்தன. எல்லாம் ஒரே முகம்.

"ஆக, கள்ளன் வந்தா நீங்க என்னை எழுப்பி, சாவி கேட்டு, அலுமாரியத் தெறந்து, பெறகு அரிசிப் பேணி எங்கன்னு கேக்கணும். அது வரைக்கும் அவன் என்ன செய்வான்? நான் அவனுக்கு பிளேன்டி ஊத்திக் குடுக்கணுமா?"

"நான் வீட்டுல இல்லாதப்ப வந்தா நீ சுடணும்."

"யார?"

"கள்ளன."

"முகத்தப் பாத்தா தெரிஞ்சவனா இருந்தா?"

அப்போதுதான் உண்மை வாயிலிருந்து விழுந்தது.

"நீ தனியா இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு, ஜெயந்தினி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் இளகியது. கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ ஊற்றினாள். சீனி கூடப் போட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கேட்காமல் சீனி கூடப் போடும் நாட்களில்தான் நான் கவனமாக இருக்க வேண்டும். அது எனக்கு எப்போதும் டீ குடித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வரும்.

பக்கத்து வீட்டு மர்சூக்கிடம் ஆதரவு தேடி வேலியடிக்குப் போனேன். மர்சூக் டவுனில் செருப்புக் கடை வைத்திருக்கிறான். எனக்கு நல்ல கூட்டாளி. அவன் பெண்சாதி முனவ்வரா சமைத்தால் வாசனை எங்கள் வீட்டுக்கு முதலில் வரும், தட்டு பின்னால் வரும்.

"துவக்கா? நல்ல சாமான்தான் மச்சான்" என்றான் மர்சூக். "எங்க மாமா ஒருத்தர்கிட்ட இருந்திச்சி. பன்றிக்கு எண்டு லைசன் எடுத்து வாங்கினார்."

"பாத்தியா! பன்றி வராம நின்னுச்சா?"

"இல்ல. பன்றி வந்து மரவள்ளி எல்லாத்தையும் கிண்டிட்டுப் போயிரிச்சி. சத்தம் கேட்டு மாமா எந்திரிக்கக்குள்ள அது அடுத்த ஊருல."

"கள்ளன்?"

"கள்ளனும் வந்தான். வீட்டுல வேற ஒண்டையும் தொடல்ல. துவக்க மட்டும் எடுத்துட்டுப் போனான். மாமா பொலிசுக்கும் ஊட்டுக்கும் நடந்து நடந்து, எங்கிட்ட ரெண்டு சோடி செருப்பு வாங்கினார்."

இப்படிப்பட்ட கூட்டாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டுக்குத் திரும்பியபோது ஜெயந்தினி ஒரு யோசனையோடு இருந்தாள்.

"போயா லீவுக்கு நீங்க வீட்டுல தானே? ஒரு பரீட்சை வைப்போம். நான் ஒரு கள்ளன அனுப்புறேன். காலையில இருந்து பொழுது சாயிறதுக்குள்ள அந்த மிளகு மூட்டை நம்ம கேட்டத் தாண்டக் கூடாது. தாண்டலன்னா, நானே உங்களோட கிராம சேவகர் மாத்தயாகிட்ட வந்து லைசனுக்குச் சொல்றேன்."

"தாண்டினா?"

"துவக்குன்னு ஒரு சொல்லு இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

"எனக்கு ஆயுதம்?"

"ஒட்டடைக் கம்பு. அதத்தான் துவக்குன்னு வச்சிக்கங்க. பூட்டவும் வேணாம், தோட்டாவும் வேணாம். எந்நேரமும் கையிலயே வச்சிக்கங்க. கள்ளன் மூட்டையில கை வைக்கும்போது நீட்டி 'டுமீல்'னு சொன்னாப் போதும். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

இவ்வளவு சலுகையா? எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போயா நாள் விடிந்தது. நான் முன் வாசலில் கதிரையைப் போட்டு, கம்பைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் மூட்டை. கள்ளன் யார் என்று எனக்குத் தெரியும். மர்சூக்தான். வேறு யாரை அவள் அனுப்புவாள்?

முதலில் பாண் விற்கும் சூன் பான் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. மர்சூக் அதற்குள் ஒளிந்திருக்கலாம். ஓடிப்போய்க் கம்பை நீட்டினேன். பாண்காரர் சிங்களத்தில் ஏதோ ஆறுதலாகச் சொல்லி, கம்பின் நுனியில் ஒரு கிம்புலா பனிஸ் பையை மாட்டிவிட்டுக் கையை நீட்டினார். காசு கொடுத்தேன். காவல் வேலையில் பசிக்கும். பனிஸ் எல்லாவற்றையும் நானே தின்று முடித்தேன்.

அடுத்து லொத்தர் சீட்டு விற்பவர். "டுமீல்" என்றேன். அவர் சைக்கிளை நிறுத்தவே இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு பக்க வேலி அசைந்தது. மர்சூக்கின் தொப்பி தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. ஒரு இருமல் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கள்ளன் இருமலாமா? கதிரையை வேலிப் பக்கம் திருப்பிப் போட்டு, அந்தத் தொப்பியைக் குறி பார்த்தபடி இருந்தேன்.

"மோகன் அண்ணே!"

முன் கேட்டில் முனவ்வரா. கையில் துணி மூடிய தட்டு.

"ஜெயந்தினி அக்கா இல்லையா?"

"உள்ளதான் இருந்தா, தங்கச்சி. குளிக்கிறா போல. வாங்க, வாங்க."

"வட்டலப்பம் செஞ்சேன். ஒங்களுக்கு நல்ல விருப்பமே."

துணியை நீக்கினாள். ஏலக்காய் வாசம். கம்பைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். வட்டலப்பத்தை ஒற்றைக் கையால் வாங்குவது மரியாதை இல்லை.

குசினிக்குக் கொண்டுபோய் வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். தட்டைக் கழுவினேன். இனித்தான் சிக்கல். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பிப் போனது கிடையாது. நோன்புக்குக் கஞ்சி வந்தால் பொங்கலுக்குக் காத்திருக்க மாட்டோம், அந்த நேரமே ஏதாவது போட்டு அனுப்புவோம். வாழைப்பழத்தைத் தேடினேன். காலையில் தொங்கிய சீப்பைக் காணோம். பிஸ்கட் பேணியைக் காணோம். சீனிப் பேணி காலி. முட்டை இல்லை. பேணி பேணியாகத் திறந்தேன். போகிற போக்கில் அரிசிப் பேணியைக்கூடக் கண்டுபிடித்தேன். அதன் அடியிலும் நாலு அரிசி மணிதான் கிடந்தது.

"ஒண்டும் வாணாம் அண்ணே, தட்ட மட்டும் தாங்க" என்று வாசலில் இருந்து முனவ்வரா சொன்னாள். அது இன்னும் கேவலமாக இருந்தது.

"வெறுந்தட்டா? ஜெயந்தினி என்னைக் கொன்னுருவா!"

என் கண் மூட்டையில் விழுந்தது. நானே கட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் அள்ளித் தட்டில் போட்டேன்.

முனவ்வரா ஒரு மணியை எடுத்து விரலில் உருட்டினாள்.

"என்ன அண்ணே, ஈரம் மாதிரி இரிக்கி?"

நான் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். பல்லில் பட்டதும் உடைய வேண்டும். இது நசுங்கியது. மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தேன். மேல்பக்கம் எல்லாம் ஈரம்.

"ஐயோ! இப்படியே விட்டாப் பூஞ்சணம் புடிச்சிருமே!"

"ஒங்கட முத்தத்துல இப்ப பலாமரத்து நெழல் தானே. எங்கட சீமெந்துச் சிலாப்புல இன்னும் நல்ல வெயில்."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். தூக்கிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது நான்.

"நவுருங்க தங்கச்சி. நான் தூக்கிட்டு வர்றேன்."

"பாரம், அண்ணே. ஒங்களுக்கு ஏலுமா?"

ஒரு ஆம்பிளையிடம் கேட்கக் கூடாத கேள்வி. மூட்டையை ஒரே மூச்சில் தோளில் ஏற்றினேன். முதுகில் ஏதோ பிடித்தது. காட்டிக்கொள்ளவில்லை. ஜெயந்தினியின் மிளகைக் காப்பாற்றப் போகிறேன் என்ற பெருமையில் படி இறங்கினேன்.

"கம்ப மறந்திட்டீங்க அண்ணே. நான் கொண்டாறன்."

முன்னால் நான் மூட்டையோடு போனேன். பின்னால் முனவ்வரா என் துவக்கைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தாள். எங்கள் கேட்டைத் தாண்டினோம். எதிரே மர்சூக் அவன் வீட்டுக் கேட்டை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இவன் இவ்வளவு நேரம் வேலிக்குள் அல்லவா இருந்தான் என்று நினைத்தேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் விறாந்தையில் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன்.

ஜெயந்தினி கதிரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எங்கள் வாழைப்பழச் சீப்பு. எங்கள் பிஸ்கட் பேணி. எங்கள் அரிசி.

"டுமீல்" என்றாள் முனவ்வரா, என் முதுகில் கம்பை வைத்து.

மர்சூக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மிளகு நனைஞ்சு கெடக்கு, நீ சிரிக்கிற!"

"அது கெடாது" என்றாள் ஜெயந்தினி. "மேல மட்டும் காலையில நான்தான் கொஞ்சம் தண்ணி தெளிச்சேன். நீங்க சூன் பானுக்குப் பின்னால ஓடினீங்களே, அந்த நேரம்."

நான் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து வந்து என் முதுகைப் பிடித்துவிட்டாள்.

"நான் தனியா இருக்கேன்னு யாருங்க சொன்னா? நீங்க லொறி ஏறினதுல இருந்து நானும் இவளும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். நான் ஒரு சத்தம் போட்டா இவ இங்கருந்து வேலியத் தாண்டி வந்துருவா. போன மாசம் பாம்பு வந்தப்பயும் இவதான் வந்தா. உங்களுக்குச் சொல்லல. சொன்னா மறுநாள் சந்தைக்குப் போக மாட்டீங்க."

எனக்கு மனசு நிறைந்துபோனது. இத்தனை நாள் தம்புள்ளையில் நின்று நான் பட்ட பயமெல்லாம் அந்த விறாந்தையிலேயே இறங்கிவிட்டது. மானம்தான் போனது. அது போனால் பரவாயில்லை, அதற்குப் பழக்கப்பட்டவன் நான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அதெல்லாம் சரி. இருந்தாலும் ஒரு துவக்கு இருந்தா உங்களுக்கும் தைரியமா இருக்குமே?"

மர்சூக் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஜெயந்தினி கோபப்படவில்லை. என்னைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், இன்னும் கம்பைக் கீழே வைக்காத முனவ்வராவைப் பார்த்தாள்.

"வாங்குறதுன்னா வாங்குவோம். ஆனா லைசன முனவ்வரா பேருல எடுங்க."