சித்தப்பா சுத்தம் செய்த காற்று

சொந்த ஊர்க் காற்றைப் பற்றி யாராவது பெருமை பேசினால் பாதியைத்தான் நம்ப வேண்டும். அன்று நான் பேசியதில் கால்வாசிகூடத் தேறியிருக்காது.

மதுரையில் காற்று மாசை அளக்கும் ஓர் ஆய்வகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். பம்பு காற்றை இழுத்துக் கண்ணாடிக் குழாயிலுள்ள கரைசலுக்குள் குமிழ் குமிழாக விடும். கடைசியில் சாயம் சேர்த்தால், காற்றில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு ஊதாச் சிவப்பாகும். என் குழாய்களோ, பஸ் நிலையத்தில் வைத்தாலும் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு சாயலோடு, ஏறக்குறைய வெறும் தண்ணீராகவே நின்றன.

மேலாளர் வசந்தி மேடம் இதை நம்பவில்லை. “மதுரைக் காத்து இவ்வளவு யோக்கியமா இருக்காதும்மா. மிஷின் செத்திருக்கணும், இல்ல நீ கலக்குறது தப்பா இருக்கணும். உன்மேல தப்புன்னா வேலையில வச்சுக்க முடியாது.”

“எங்க ஊருக்கு வாங்க மேடம். கொடைக்கானல் காத்தையும் அளந்து பாப்போம். மதுரையவிடச் சுத்தம்னு குழாய் காட்டாட்டி நானே கெளம்பிடுறேன்” என்றேன். (நாக்கில் சனி.)

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் சித்தப்பா பூண்டு வியாபாரி. கீழே குடோன், மேலே வீடு. மாடியில் பம்பை வைத்து ஓடவிட்டோம். கரைசல் சூடாகக் கூடாது என்று குழாய்களைச் சுற்றி ஐஸ் வைப்பது விதி. மதுரையிலிருந்தே பெட்டி நிறையக் கொண்டு போயிருந்தேன்.

“கொடைக்கானலுக்கு ஐஸ் செமந்துக்கிட்டு வந்த மொத ஆளு நீதான்த்தா” என்றார் சித்தப்பா.

“காத்து சுத்தமா இருக்கான்னு பாக்குற மிஷின் சித்தப்பா. என் வேலையே இதுலதான் கெடக்கு.”

“கவலப்படாம போயிட்டு வாத்தா. எல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்கே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல் மேடத்தை ஏரிக்கு அழைத்துப் போனேன். “இழுத்துப் பாருங்க மேடம்” என்று நானே மூச்சை இழுத்து இழுத்துக் காட்டியதில் இருமல் வந்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்து குழாயில் சாயம் சேர்த்தேன். கண்ணெதிரே கரைசல் பீட்ரூட் வேகவைத்த தண்ணீராக மாறியது. மேடம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மதுரையில தண்ணி. கொடைக்கானல்ல பீட்ரூட். மிஷின் சாகல போல. நீதான் ஏதோ பண்ணி வைக்கிறே.”

வேலை போனது. ஊர் மானம் அதற்கு முன்பே போயிருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அப்போதுதான் சித்தப்பா கண் சிவக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு காபியோடு வந்தார். “எப்படிங்க மேடம், காத்து கண்ணாடியாட்டம் இருக்குமே? பூண்டு வாடை பட்டா மிஷின் எங்க ஊரத் தப்பா நெனச்சிருமேன்னு, நீங்க அங்கிட்டுப் போனதும் குடோன்ல கதவச் சாத்திக் கந்தகத்தப் புகைச்சு விட்டுட்டேன். இனி ஒரு கெட்ட வாடையும் அண்டாதுங்க.”

(மழைக்காலத்தில் பூண்டில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சட்டி நெருப்பில் கந்தகத் தூளைப் போட்டுக் கதவைச் சாத்துவது அவர் வழக்கம். கந்தகம் எரிந்தால் வருவது சாட்சாத் கந்தக டை ஆக்சைடு. குடோனின் காற்றுத்துளை என் பம்புக்கு நேர் கீழே இருந்தது.)

மேடம் காபியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தால் என் சீட்டைக் கிழிப்பார் என்று நினைத்தேன். அவரோ சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் மாடி ஓரத்தில் கிடந்த பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“கதவச் சாத்திப் புகைச்சதையே இவ குழாய் புடிச்சிருச்சேங்க. அப்ப மிஷினும் சரி, இவ கலக்குறதும் சரி.”

“அப்ப நான் செஞ்சது நல்லதாப் போச்சுங்களா?” என்றார் சித்தப்பா.

மறுநாள் வெள்ளனே மறுபடி அளந்தோம். சித்தப்பா தீப்பெட்டியோடு மாடிப்படி ஏறாமல் சித்தி காவல் இருந்தார். மதுரைக் குழாய்களில் நான் கண்ட சாயல்கூட இல்லாமல் கரைசல் தெளிவாக நின்றது. ஊர் மானம் திரும்பி வந்தது. மலையிறங்கி வத்தலக்குண்டு வருவதற்குள், மதுரையில் நான் எடுத்த அளவுகள் எல்லாமே சரி என்று மேடம் ஒப்புக்கொண்டார். அந்த மாதமே வேலை நிரந்தரமானது. அன்று நான் நடந்த நடையை மதுரையே பார்த்தது.

என் கல்யாணத்தில் சித்தப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம், “ஊர்க் காத்தக் கெடுத்துத்தான் மகளுக்கு வேலை வாங்கிக் குடுத்தேன்” என்று பந்தி பந்தியாகச் சொன்னார். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் குழாய் நிறம் மாறாமல் நின்றால், இன்றும் மேடம் என் பக்கம் திரும்புவார்.

“சித்தப்பாவுக்கு ஒரு போன் போடும்மா. சட்டியோட வர முடியுமான்னு கேளு.”

கேட்டால் போதும். அவருக்கு அன்றைக்கு வேறு சோலியே இருக்காது.